ஒரு மணி நேரத் தொலைவு

தொலைவு என்பது யாது என்னும் வினாவிற்கு நில அளவையாளர் ஒரு விடை கூறுவர். புகையிரத நேர அட்டவணை பிறிதொரு விடை கூறும். விமான நிலையத்து அறிவித்தற் பலகை வேறொரு விடை கூறும். இவற்றுள் எது மெய்யான விடை என ஆராய்வது, மேலோட்டமாக நோக்குவோர்க்கு வீண் முயற்சியாகவே தோன்றும். ஆயின், தொலைவைப் பற்றிய வினா இடத்தைப் பற்றிய வினா மட்டுமன்று. மனிதன் மனிதனுக்கு ஆற்ற வேண்டிய கடனைப் பற்றிய வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு விரிவுரை மண்டபத்தில் எழுந்ததன்று. விடுமுறைக்கு மாத்தளை சென்றிருந்த ஒரு மாலையில், எங்கள் லயத்து இஸ்தோப்பில் அமர்ந்திருந்த அப்பாயி, "இங்கயிருந்து திருச்சி எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார். அப்பாயியின் தம்பி 1974ஆம் ஆண்டில் இந்தியக் கடவுச்சீட்டுடன் மனைவி மக்களோடு கப்பலேறியவர். இன்று நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிப் பக்கத்திலே வாழ்கின்றார். பல்கலைக்கழகத்திற் பயில்வோர்க்கே உரிய அவசரத்துடன் நான், "பிளேனில போனா ஒரு மணி நேரம்" என்றேன். அப்பாயி சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "ஒரு மணி நேரந்தானா? அப்புடின்னா அவன் ஏன் அம்பது வருசமா வரல்ல?" என்றார்.

நான் கூறிய விடை பிழையன்று. கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிராப்பள்ளி நேர்கோட்டில் ஏறத்தாழ 420 கிலோமீற்றர். மாத்தளை நகரிலிருந்தே கோடு வரைந்து பார்ப்பினும் ஏறத்தாழ அதே தொலைவுதான். விமானம் அதனை ஒரு மணி நேரத்திற் கடக்கின்றது. சென்னை இன்னும் சற்று அப்பால், ஏறத்தாழ 650 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அதற்கும் ஒன்றேகால் மணி நேரமளவே செல்லும். மாத்தளையிலிருந்து கட்டுநாயக்கா செல்லும் பஸ் பயணம் இவ்விரு விமானப் பயணங்களையும் விட நீண்டது. கணக்கு யாவும் சரியே. ஆயினும் அப்பாயி கேட்ட வினாவை அக்கணக்கு தொடவில்லை. சரியான விடையொன்று எவ்வாறு வினாவைத் தொடாது விலகிப் போகின்றது? இதுவே ஈண்டு ஆராயத்தக்கது.

தொலைவைக் காலத்தால் அளக்கும் வழக்கம் விமானத்தோடு தோன்றியதன்று. மூன்று நாள் நடை, ஒரு பகல் வழி என நம் முன்னோரும் அளந்தனர். ஆனால் அவர்கள் அளந்த காலம் உடலின் காலம்; களைப்பும் பசியும் இரவில் தங்கும் இடமும் அதனுள் அடங்கியிருந்தன. 'மூன்று நாள் நடை' என்று கேட்டவுடன், நடப்பவன் ஒருவன் மனக்கண்முன் தோன்றுகின்றான். 'ஒரு மணி நேரப் பறப்பு' என்னும் தொடரிலோ அவ்வாறு எவரும் தோன்றுவதில்லை. பறப்பது விமானம், உள்ளிருப்பவர் யார், அவருக்கு அவ்வாறு செல்லும் உரிமை உண்டா, சென்றவர் திரும்ப இயலுமா என்பவை பற்றி அத்தொடர் மௌனம் சாதிக்கின்றது. அம்மௌனத்தின் பொருளை விளங்கிக்கொள்வதற்கு மாத்தளையை விடப் பொருத்தமான இடம் இலங்கையில் வேறில்லை எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கண்டிச் சீமையிலே கோப்பிச் செய்கை பரவியபோது, தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் இங்கு வரத் தொடங்கினர். இராமேசுவரம், தொண்டி முதலிய கரைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்தனர். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா எனத் தொடர்ந்த அவ்வழியின் முடிவில், மலைநாட்டின் வாயிலாக அமைந்திருந்தது மாத்தளை. இன்றைய வீதிக்கணக்கிற் பார்ப்பினும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்டது. வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியெங்கும் உயிர்களைக் கொண்டன. மாண்டோர் எத்தனை பேர் என்பது குறித்து வரலாற்றாசிரியரிடையே ஒருமித்த கருத்தில்லை. அவர்களது பெயர்களைப் பொறித்த ஏடும் இல்லை. தேயிலைத் தூரின் கீழ்த் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டு அழைத்து வரப்பட்டோம் என மலையகத்திலே இன்றும் முதியோர் கூறுவர்.

ஆயின், இந்த வரலாற்றில் நாம் எளிதில் மறந்துவிடும் ஓர் உண்மை உண்டு. கோப்பி பருவப் பயிர். அறுவடைக் காலத்தில் வந்த தொழிலாளருட் பெரும்பாலோர், அது முடிந்ததும் வந்த வழியே நடந்து ஊர் திரும்பினர். மறு பருவத்தில் மீண்டும் வந்தனர். வழி கொடியது, உயிரைப் பறிக்க வல்லது, எனினும் இரு திசையும் திறந்திருந்தது. எல்லையில் நின்று, நீ எந்நாட்டவன் என வினவுவார் இருக்கவில்லை. இலை நோயால் கோப்பி அழிந்து, ஆண்டு முழுவதும் உழைப்பைக் கோரும் தேயிலை அதன் இடத்தைப் பிடித்த பின்னரே வந்தவர் நிலைத்துத் தங்கலாயினர்.

அதன் பின்னர் தொலைவு படிப்படியாகச் சுருங்கியது. 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் புகையிரதம் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கியது. பல நாள் நடை ஓரிரு நாட் பயணமாயிற்று. 1947 டிசம்பர் 10ஆம் நாள் 'எயர் சிலோன்' நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. நாட்கள் மணிகளாயின.

தொலைவு சுருங்கச் சுருங்க மனிதர் நெருங்குவர் என்பதே பொதுவான எண்ணம். வரலாறு இவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தது. அந்த முதல் விமானம் பறந்து ஓராண்டு கழிவதற்குள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். நாடற்றவனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவனுக்கு இரத்மலானையிலிருந்து சென்னை எத்தனை மணி நேரம்? இவ்வினாவிற்கு எண்ணால் விடை கூற முடியாது. வானம் திறந்த அதே வேளையில் நிலம் மூடிக்கொண்டது எனின் மிகையாகாது.

1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஏறத்தாழ ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களின் வாழ்விடத்தை எண்களாற் பங்கிட முனைந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பது. அவர்களை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் உடன்பாடு காணப்பட்டது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு மாதம் நிறைவதற்குள், 1964 டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. அக்கப்பலிற் சென்றவருட் பெரும்பாலோர் மலையகத்திலே பிறந்து, தாம் ஒரு நாளும் கண்டிராத தாயகத்திற்குத் 'திரும்பியவர்கள்'. அவர்களை ஏற்றிச் சென்ற வண்டி 'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்கள் வாயிற் பெயர் பெற்றது. ஒரே லயத்தில், ஒரே வயிற்றிற் பிறந்தவருள் தமக்கை இலங்கைக்கென்றும் தம்பி இந்தியாவிற்கென்றும் எழுதப்பட்டனர். அப்பாயியும் அவர் தம்பியும் அவ்வாறு பிரிந்தவர்களே. 1984இல் அக்கப்பற்சேவையும் நின்றுபோயிற்று. இங்கேயே இருந்துவிட்டவர்களுள் எஞ்சிய நாடற்றவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. கோப்பிக் காலத்துத் தொழிலாளிக்கு அக்கரை மிகத் தொலைவில் இருந்தது. ஆயினும் அவன் போய் வந்தான். விமானக் காலத்து மனிதனுக்கு அக்கரை ஒரு மணி நேரத்தில் இருந்தது; அவன் போனால் வர இயலவில்லை; வந்தால் போக இயலவில்லை. ஆகவே தொலைவு என நாம் ஒரே சொல்லாற் குறிப்பது, உண்மையில் மூன்று வேறு பொருள்களாகும். ஒன்று, நிலத்தின் தொலைவு. மைலும் கிலோமீற்றரும் அதனை அளக்கும். இரண்டு, கருவியின் தொலைவு. மணியும் நிமிடமும் அதனை அளக்கும். மூன்று, உரிமையின் தொலைவு. இதனை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை. கருவியின் தொலைவு சுருங்கியதைக் கண்டு, உரிமையின் தொலைவும் சுருங்கிவிட்டதென்று மயங்குவதே நம் காலத்துப் பெரும் பிழையாகும்.

ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், 1795இல் வெளியிட்ட நிரந்தர அமைதி பற்றிய நூலில் இதனோடு தொடர்புடைய ஒரு கருத்தைக் கூறியுள்ளார். புவி உருண்டையானது, அதன் பரப்பில் மனிதர் எல்லையின்றி விலகிச் சென்றுகொண்டே இருத்தல் இயலாது, ஆதலின் ஒருவரையொருவர் அயலவராக ஏற்று வாழ வேண்டியவராகின்றனர். அந்நிய மண்ணை அடைந்தவன் பகைவனாக நடத்தப்படாதிருத்தல் அவனுக்குரிய உரிமை. பிறர் காட்டும் கருணையன்று. கான்ற் குடியேறும் உரிமையைக் கூறவில்லை; சென்று காணும் உரிமையையே கூறினார் என்பது மனங்கொளத்தக்கது. தமக்கையைத் தம்பி காணச் செல்வது இதனினும் சிறிய உரிமை. அச்சிறிய உரிமையே நம் மக்களுக்கு ஒரு தலைமுறைக் காலம் எட்டாதிருந்தது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். உள்ளத்தால் ஒன்றியவர்க்குத் தொலைவு ஒரு பொருட்டன்று. ஆதலின் இத்தனை விசாரமும் வேண்டுவதில்லை என்பர் சிலர். இதற்குச் சான்றாகக் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பினை எடுத்துக்காட்டுவர். சோழன் உறையூர் வேந்தன். அவ்வுறையூர் இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதி. பிசிராந்தையாரோ பாண்டி நாட்டுப் புலவர். இருவரும் நேரிற் கண்டதில்லை, ஆயினும் நண்பர். சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பர் வருவார் எனக் கூறி அவருக்கென ஓரிடம் ஒதுக்குவித்தான் எனப் புறநானூற்றுச் செய்தி கூறும்.

இச்செய்தி தடை எழுப்புவோர் கருதுவதற்கு மாறானதையே நிறுவுகின்றது என்பது என் கருத்து. பிசிராந்தையார், உள்ளத்தால் அருகில் இருக்கிறோமே என அமைதி கொண்டு பாண்டி நாட்டிலே இருந்துவிடவில்லை, வந்தார். காணாத நட்பு உலகம் வியக்கும் நட்பானது, அவர் வந்தமையாலேயே. நட்பைத் தொலைவு அழிப்பதில்லை, அதன் செயற்பாட்டையே தடுக்கின்றது. ஆயினும் பிரிவு நீடித்தால் நட்பே மறக்கப்படும் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்தாகும். அன்றியும், சோழ பாண்டிய நாடுகளின் எல்லையில் ஆந்தையாரைத் தடுத்து நிறுத்துவார் இருந்திருப்பின் அக்கதை எவ்வாறு முடிந்திருக்கும்? தொலைவு பொருட்டன்று என்பது போகக்கூடியவர் போகாதவர்க்குக் கூறும் ஆறுதல். போக இயலாதவரிடம் அதனைக் கூறுவது அறமாகாது.

இரண்டாவது தடை இதனினும் வலியது. அவுஸ்திரேலிய மெய்யியலாளர் பீற்றர் சிங்கர், கிழக்கு வங்க மக்களின் பட்டினித் துயரை முன்னிட்டு 1972இல் வெளியிட்ட கட்டுரையில், தொலைவு நம் கடமையைக் குறைப்பதில்லை என வாதித்தார். கண்ணெதிரே குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பது கடமையெனின், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் மடியும் குழந்தையைக் காப்பதும் அதே கடமை. இடையிலுள்ள மைல்களுக்கு அறத்தில் நிறை இல்லை என்பது அவர் வாதம். இதனை ஏற்பின், தொலைவு நீண்டிருப்பினும் குறுகியிருப்பினும் கடமை ஒன்றே. விமானம் அறத்தில் எவ்வித மாற்றத்தையும் செய்யவில்லை என்றாகிவிடும்.

இவ்வாதத்தின் முற்பகுதியை நான் ஏற்கின்றேன். பிற்பகுதியை ஏற்க இயலவில்லை. கடமை மாறவில்லை என்பது உண்மை. ஆனால் கடமையிலிருந்து நம்மை விடுவிக்கும் சாட்டுகள் மாறிவிட்டன. இயலாததைச் செய்யும் கடமை எவர்க்கும் இல்லை என்பது ஒழுக்கவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. 1850ஆம் ஆண்டில் மாத்தளைக் காட்டிலிருந்த மகனுக்கு, தாய் இறந்த செய்தி கிடைக்கவே வாரங்கள் சென்றிருக்கும். அவன் போகாமையை எவரும் பழியார். இன்று செய்தி நொடியில் வருகின்றது. விமானம் ஒரு மணி நேரத்திற் செல்கின்றது. இயலாமை என்னும் சாட்டு நம் கையிலிருந்து நழுவிவிட்டது. வேகம் நமக்கு வசதியைத் தந்தது என்றே பேசுகின்றோம். அது நம் தோளில் ஒரு பாரத்தையும் ஏற்றியுள்ளது என்பதைப் பேசுவதில்லை.

ஆயின் இவ்விதியையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லோர் மேலும் சுமத்தலாகாது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல்தான் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. விமானச் சீட்டு அவருக்குப் பல வாரக் கொழுந்து. திருச்சியில் இறங்கினாலும் பயணம் முடிவதில்லை. மேட்டுப்பாளையம் சென்று, பஸ்ஸில் மலையேற வேண்டும். 'ஒரு மணி நேரம்' என்பது பணமும் பத்திரமும் உடையவனின் அளவு. அதனை எல்லோர்க்கும் பொதுவான அளவாகக் கொண்டு, வராதவன் அன்பில்லாதவன் எனத் தீர்ப்புக் கூறுவது அநீதி. அப்பாயியின் தம்பிமேல் நான் சொல்லாமற் சொன்ன தீர்ப்பும் அத்தகையதே. ஒரு மணி நேரம் என்று நான் கூறியபோது, ஐம்பதாண்டுப் பிரிவின் பழியை என்னையறியாமலே அம்முதியவர்மேற் சுமத்திவிட்டேன்.

வேகத்தைப் பற்றிய இன்னுமொரு கருத்தும் உண்டு. கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு வரைபடத்தில் நேர்கோடு வரைந்தால், பாதித் தொலைவைச் சற்றுத் தாண்டியதும் அது இராமேசுவரத்தை அண்டிச் செல்வதைக் காணலாம். நம் முன்னோர் தோணிக்குக் காத்துநின்ற கரை அது. பயணி அங்கே தேநீர்க் குவளையைக் கையிலேந்தியிருப்பார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. நானும் அவ்வாறே செய்வேன். ஆனால் கடந்து செல்வது வேறு, அறிந்து செல்வது வேறு. 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவையொட்டி, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி மேற்கொள்ளப்பட்டது. பஸ்ஸில் ஒரு பகலிற் கடக்கக்கூடிய வழியை அவர்கள் பதினாறு நாட்களிற் கடந்தனர். பெயரற்று மாண்டோர்க்குக் கல்வெட்டு எழுப்ப இயலாதவர், அவர்கள் நடந்த நிலத்தைத் தம் கால்களால் அளந்து மரியாதை செய்தனர். வாழ்வோர்க்கு மறுக்கப்பட்ட உரிமைகளையும் அந்நடையிலே கோரினர். தொலைவை மீண்டும் உடலால் அளப்பது சில வேளைகளிற் கடன் தீர்க்கும் முறையாகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தமிழில் 'கூப்பிடு தூரம்' என்றோர் அளவுண்டு. மைலும் மணியும் அறியாத ஒன்றை அது அறியும். கூப்பிடுபவர் ஒருவர் வேண்டும். அக்குரலைக் கேட்டு எழுந்து வருபவர் ஒருவர் வேண்டும். இருவருள் ஒருவர் இல்லையெனினும் அவ்வளவு பொருளிழக்கும். அறத்தின் நோக்கில் இரு ஊர்களுக்கு இடையிலான மெய்யான தொலைவு இதுவே எனத் துணிந்து கூறலாம். எத்தனை மணி நேரம் என்னும் வினாவிற்குப் பொறியியலாளர் விடை கண்டுவிட்டனர். எவர் செல்லலாம் என்னும் வினாவிற்கு அரசுகள் இன்னும் முழுமையாக விடை கூறவில்லை. அதனைத் தொடர்ந்து கேட்பது நம் கடமை. கூப்பிட்டால் வருவாயா என்னும் வினாவோ ஒவ்வொருவரையும் தனித்தனியே நோக்கியது. அதற்கு நாமே விடை கூற வேண்டும்.

அப்பாயி இன்று தம்பியின் முகத்தைக் கைத்தொலைபேசியிற் காண்கின்றார். பேசி முடித்ததும், "எப்ப வாரானாம்?" என்று என்னிடமே கேட்கின்றார், திரையிற் கண்டதை அவர் வரவாகக் கணக்கிடுவதில்லை. தம்பிக்கு மலையிறங்க முழங்கால் இடந்தராது. அப்பாயிக்கோ இப்போது குடியுரிமை உண்டு; அடையாள அட்டை உண்டு; நான் படித்தவன். அவருக்கும் எனக்கும் கடவுச்சீட்டுப் பெறுவதற்கான விண்ணப்பப் படிவங்கள் சென்ற விடுமுறையிலிருந்து என் மேசையில் நிரப்பப்படாமற் கிடக்கின்றன. பரீட்சை முடியட்டும், பணம் சேரட்டும் என்று நாட்களைத் தள்ளிவந்தேன். பணத்தின் தடை மெய். அதற்கு வழி தேட வேண்டும். படிவத்தை நிரப்பாமைக்கு அது காரணமாகாது. சட்டம் வகுத்த தொலைவைப் பற்றி இத்தனை பக்கம் எழுத முடிந்த எனக்கு, என் சோம்பல் வகுத்த தொலைவு இதுவரை கண்ணிற் படவில்லை. இக்கட்டுரையை முடித்ததும் முதல் வேலையாக அப்படிவங்களை எடுக்க எண்ணியுள்ளேன்.